நெருப்பு எந்த நிலைப் பொருள்?

“நெருப்பு திடப்பொருளா, திரவப்பொருளா, வாயுப்பொருளா?” என்ற கேள்வி பள்ளி வினாடி வினாக்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. முன்பெல்லாம் ‘வாயு’ என்று சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். இப்போது காலம் மாறிவிட்டது. ‘மூன்றும் இல்லை, அது பொருளின் நான்காம் நிலையான பிளாஸ்மா’ என்று சொன்னால்தான் கைதட்டல். வகுப்பறைச் சுவரில் ஒட்டும் வண்ணப் படங்களிலும், கைப்பேசியில் வரும் அறிவியல் காணொளிகளிலும் பிளாஸ்மாவுக்கு எடுத்துக்காட்டாகச் சூரியனும் மின்னலும் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு மெழுகுவர்த்திச் சுடரும் இடம்பிடித்திருக்கிறது.

சென்ற ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நடந்த போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். இதே கேள்விக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “சார், நெருப்பு ஒரு பொருளே இல்லை. அது நடக்கிற ஒரு காரியம்” என்றாள். விடைத்தாளில் ‘பிளாஸ்மா’ என்று இருந்தது. அவளுக்குச் சுழியம். அடுத்த அணிக்குக் கேள்வி போய்விட்டது.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. விடை மட்டுமன்று, கேள்வியே கோணலானது என்பேன். ஏன் என்று பார்ப்போம்.

பொருளின் நிலை என்று எதைச் சொல்கிறோம்? தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகினால் ஒரு கிலோ தண்ணீர். அது முழுவதும் ஆவியானால் ஒரு கிலோ நீராவி. மூன்றிலும் இருப்பவை அதே மூலக்கூறுகள்தாம். அவை நெருங்கி நிற்கின்றனவா, நழுவி ஓடுகின்றனவா, விலகிப் பறக்கின்றனவா என்பதில்தான் வேறுபாடு. நீராவியைக் குளிரவைத்தால் மீண்டும் தண்ணீர். இன்னும் குளிரவைத்தால் மீண்டும் பனிக்கட்டி. போன வழியே திரும்பி வரலாம். எந்த நிலையில் இருந்தாலும் அதை ஒரு கலத்தில் அடைத்தும் வைக்கலாம்.

இந்தச் சோதனைகளை நெருப்புக்கு வைத்துப் பாருங்கள். எரியும் அகல்விளக்கின் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் சுடர் அணைந்துவிடுகிறது. அடைத்த கலத்துக்குள் அதனால் இருக்க முடியவில்லை. சுடரைக் குளிரவைத்தால் என்ன கிடைக்கிறது? சுடரின் திரவ நிலை என்று ஒன்று கிடைப்பதில்லை. நீர்த்துளிகளும் கரியமில வாயுவும் கொஞ்சம் கரியுமே மிஞ்சுகின்றன. இவற்றைத் திரும்பச் சூடேற்றினால் விளக்கெண்ணெய் வந்துவிடுமா? வராது. மேலும், ‘தண்ணீரின் வாயு நிலை’, ‘இரும்பின் திரவ நிலை’ என்று எப்போதும் இன்ன பொருளின் நிலை என்று சேர்த்தே சொல்கிறோம். நெருப்பு எதனுடைய நிலை? எண்ணெயின் நிலையா, காற்றின் நிலையா? பதில் சொல்ல முடியாது.

இதில் தமிழ் பேசுகிற நமக்கு ஒரு வசதி உண்டு. பாடப் புத்தகத்தில் எல்லாவற்றையும் நெருப்பு என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். அடுப்படியில் புழங்குகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. கங்கு, தணல், சுடர், தழல், பொறி என்று தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் இயற்பியலுக்கு நன்றாகவே ஒத்துப்போகின்றன. கங்கு என்பது சிவக்கக் காய்ந்த கரித்துண்டு, ஐயமின்றித் திடப்பொருள்.

நம் மாவட்டத்து மாரியம்மன் கோயில்களில் பூக்குழித் திருவிழா பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கிக் கொளுத்துகிறபோது ஆள் உயரத்துக்குத் தழல் எழும். பக்தர்கள் இறங்குகிற நேரத்தில் தழல் ஓய்ந்து, தட்டிப் பரப்பிய தணல் மட்டும் கிடக்கும். விறகிலிருந்து வெளியேற வேண்டிய எரிவாயுக்கள் பெரும்பாலும் வெளியேறித் தீர்ந்தபின் மிஞ்சியது கரி. அது தன் மேற்பரப்பிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்துகொண்டிருக்கிறது. (பாதம் ஏன் சுடுவதில்லை என்று உடனே கேட்பீர்கள். கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், பாதம் படுகிற நேரமும் குறைவு என்று மட்டும் இப்போது சொல்லிவைக்கிறேன்.) தழலாக எழுந்ததும் நெருப்புதான், தணலாகக் கிடப்பதும் நெருப்புதான். முன்னதில் வாயு எரிகிறது. பின்னதில் திடப்பொருள் எரிகிறது. ‘நெருப்பு எந்த நிலை?’ என்று கேட்பவர் இவற்றில் எதைக் கேட்கிறார்?

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை இருக்கிறது. முந்திரிப் பருப்புக்குப் பேர்போன ஊர். முந்திரிக்கொட்டையைச் சட்டியில் இட்டு வறுப்பதைப் பார்த்தவர்களுக்குச் சுடரைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொட்டையின் ஓட்டுக்குள் காரமான எண்ணெய் ஒன்று இருக்கிறது. கையில் பட்டால் தோலைப் புண்ணாக்கிவிடும். சூடு ஏற ஏற ஓட்டிலிருந்து எண்ணெய் கசிகிறது, கசிந்தது ஆவியாகிறது, ஆவி காற்றோடு கலந்த இடத்தில் குப்பென்று பற்றுகிறது. வறுக்கிறவர் விடாமல் கிண்டிக்கொண்டே இருந்து, ஓடு கருகி உள்ளே பருப்பு கருகாத பதம் பார்த்துக் கீழே கொட்டி அணைக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் பருப்பும் போய்விடும். புகைக்கு நடுவே நின்று செய்கிற கடினமான வேலை அது. நாம் கடையில் வாங்கித் தின்னும்போது இதை நினைப்பதில்லை.

அந்தச் சட்டிக்குள் பாருங்கள். கொட்டை திடம், கசிகிற எண்ணெய் திரவம், பற்றி எரிகிற ஆவி வாயு. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். நெருப்பு இம்மூன்றில் ஒன்று அன்று. இவற்றினூடே நடந்துகொண்டிருக்கும் வேலைக்குத்தான் நெருப்பு என்று பெயர்.

மெழுகுவர்த்தியில் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடுத்தரமான ஒரு மெழுகுவர்த்தி மணிக்குச் சுமார் 6 கிராம் மெழுகை எரிக்கிறது. பள்ளி ஆய்வகத் தராசில் நீங்களே நிறுத்துச் சரிபார்க்கலாம். 6 கிராமை 3600 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மில்லிகிராம். மெழுகு முழுமையாக எரிய அதைப்போல் சுமார் 15 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். அதாவது நொடிக்கு 25 மில்லிகிராம் காற்று. சரி, ஒரு நேரத்தில் சுடருக்குள் இருக்கும் பொருள் எவ்வளவு? சுடரின் பருமன் ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர்தான். அவ்வளவு சூட்டில் வாயு விரிந்து லேசாகிவிடுவதால் அதன் எடை அரை மில்லிகிராம்கூடத் தேறாது. அரை மில்லிகிராம்கூடக் கொள்ளாத இடத்தின் வழியே நொடிக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது! நீங்கள் கண் இமைப்பதற்குள் பழைய சுடரின் பொருள் முழுவதும் போய்ப் புதுப்பொருள் வந்துவிடுகிறது. வடிவம் மட்டும் நிற்கிறது.

புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டையில் சந்தை கூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஆட்டை ஓட்டி வந்தவர் விற்றுவிட்டுப் போய்விடுகிறார்; அவர் நின்ற இடத்தில் காய்கறிக்காரர் வந்து நிற்கிறார்; வாங்குகிறவர்கள் வந்தபடியும் போனபடியும் இருக்கிறார்கள். ஒருவரும் நிலையாக இல்லை, ஆனால் சந்தை இருக்கிறது. ‘சந்தை ஆணா, பெண்ணா?’ என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? நெருப்பு திடமா திரவமா என்பதும் அதே வகைக் கேள்விதான்.

சுடருக்குள்ளேயே திடப்பொருள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மெழுகின் ஆவி சூட்டில் சிதையும்போது மிக நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகின்றன. அவை 1000 பாகைக்கு மேல் காய்ந்து ஒளிர்வதால்தான் சுடர் மஞ்சளாகத் தெரிகிறது. ஒரு பீங்கான் தட்டை மஞ்சள் பகுதியில் காட்டினால் கரி அப்படியே படியும்; நம் பாட்டிமார் இப்படித்தான் விளக்குச் சுடரில் கண்மை பிடித்தார்கள். சுடரின் அடியில் தெரியும் மெல்லிய நீலம் வேறு வகை. அங்கே கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டு மூலக்கூறுகள் உண்டாகி, வேதிமாற்றத்தின் போக்கிலேயே ஒளியை உமிழ்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஆறுக்கும் பொருள் ஒரே மெழுகுவர்த்தி! மஞ்சள் ஒளி திடத் துகளிலிருந்து வருகிறது என்பதை அவர் அப்போதே செய்து காட்டினார். அவர் பார்த்திருக்க முடியாத ஒன்றை 1992இல் விண்வெளி ஓடத்தில் பார்த்தார்கள். எடையற்ற அந்தச் சூழலில் மெழுகுவர்த்திச் சுடர் கூம்பாக நிற்கவில்லை. நீல நிறத்தில் உருண்டையாகத் தெரிந்தது. சூடான வாயு மேலே எழுவதற்கு அங்கே வழியில்லை. ஆகவே நமக்குப் பழகிய சுடரின் வடிவம்கூடப் பூமியின் ஈர்ப்பு கொடுத்ததே.

இனிப் பிளாஸ்மாவுக்கு வருவோம். எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும் அல்லவா? ஒரு வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, எலக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் கலந்து திரியும் நிலைக்கு 1928இல் இர்விங் லாங்மியூர் பிளாஸ்மா என்று பெயரிட்டார். மெழுகுவர்த்திச் சுடரில் அயனிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. மின்னேற்றிய தங்க இலை மின்காட்டியின் அருகே ஒரு தீக்குச்சியைக் கொளுத்துங்கள். விரிந்து நின்ற இலைகள் சுருங்கிவிடும். உயர் மின்னழுத்தம் கொடுத்த இரு தகடுகளுக்கு நடுவே சுடரை வைத்தால் அது எதிர்மின் தகட்டின் பக்கம் சாய்கிறது. இவற்றைக் காட்டித்தான் ‘நெருப்பு பிளாஸ்மா’ என்கிறார்கள்.

ஆனால் அயனிகள் எத்தனை? சுடரில் பெரும்பகுதி, எரிதலில் பங்கு கொள்ளாமல் சும்மா சூடேறிப் போகிற நைட்ரஜன்தான். நைட்ரஜன் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 14.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 1400 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு துகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் வெப்ப ஆற்றல் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவே. எந்தச் சூட்டில் எவ்வளவு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் தந்தவர் நம் மேகநாத் சாஹா. அவர் கணக்குப்படி பார்த்தால் மெழுகுவர்த்தியின் வெப்பம் நைட்ரஜனை அசைக்கக்கூட முடியாது. சுடரில் இருக்கும் கொஞ்ச அயனிகளும் வேதிமாற்றத்தின் உபரியாகப் பிறந்தவை. பல லட்சத்தில், பல கோடியில் ஒன்று என்ற அளவில் இருப்பவை. எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்மா என்றால் அந்த மின்துகள்கள் கூட்டாகச் சேர்ந்து இயங்க வேண்டும். மற்ற மூலக்கூறுகளோடு மோதுவதை மீறி மின்விசை ஆட்சி செய்ய வேண்டும். நம் வீட்டுச் சுடரை ஆட்சி செய்வது மின்விசையா? சன்னலைத் திறந்தால் காற்றடிக்கிற திசைக்கே அது சாய்கிறது. அசிட்டிலீனும் ஆக்சிஜனும் சேர்ந்து 3000 பாகைக்கு மேல் எரியும் வெல்டிங் சுடரை வலுக்குறைந்த பிளாஸ்மா என்று எழுதும் அறிஞர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. எரிவதும் பிளாஸ்மாவாக இருப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். டியூப்லைட்டுக்குள் இருப்பது பிளாஸ்மா; அதில் ஒன்றும் எரியவில்லை, கையால் தொட்டுவிடலாம். மின்வில் வெல்டிங்கில் கண்ணைப் பறிக்கும் வில்லும் பிளாஸ்மா. எரிதலுக்கு இடமே இல்லாத ஆர்கான் வாயுவுக்குள்ளும் அது எரிவதுபோல் நிற்கும். சூரியனை நெருப்புக் கோளம் என்று கட்டுரைப் போட்டிகளில் எழுதுகிறோம். சூரியன் நிலக்கரியால் ஆகி, இதே பிரகாசத்தோடு எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே தீர்ந்திருக்கும். அது 460 கோடி ஆண்டுகளாக ஒளி வீசுவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஹீலியமாவதால். 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகமும், 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலமும் ஆராய்வது பிளாஸ்மாவை; நெருப்பை அன்று. பூக்குழியில் நெருப்பு இருக்கிறது, பிளாஸ்மா இல்லை. டியூப்லைட்டில் பிளாஸ்மா இருக்கிறது, நெருப்பு இல்லை. ஒன்றை மற்றொன்றுக்குப் பெயராக வைப்பது எப்படிச் சரியாகும்?

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்ற ஐம்பூதங்கள் நமக்குப் பழக்கமானவை. தீயின் தலம் திருவண்ணாமலை என்று குழந்தைக்கும் தெரியும். நிலம் திடம், நீர் திரவம், காற்று வாயு என்று பொருத்தினால் தீ மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. உடனே அதைப் பிளாஸ்மாவோடு முடிச்சுப்போட்டு, ‘நான்காம் நிலையை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என்று மேடையில் பேசிவிடுகிறார்கள். இது முன்னோருக்குச் செய்கிற மரியாதை என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் தம் புலன்களுக்குத் தெரிந்த உலகை ஐந்தாக வகுத்துப் பார்த்தார்கள். எலக்ட்ரானைத் தேடிப் போகவில்லை. நெருப்பைப் பொருளாக எண்ணியதும் நம்மவர் மட்டுமல்லர். எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்தல் என்று நிறுவிய லவாய்சியே, 1789இல் வெளியிட்ட தம் நூலில் 33 தனிமங்களைப் பட்டியலிட்டார். அதில் ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் ஒளியும் வெப்பமும் தனிமங்களாக உட்கார்ந்திருந்தன! வெப்பம் பொருளன்று, ஆற்றல் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

‘பெயரில் என்ன இருக்கிறது, ஒரு மதிப்பெண் போனால் போகட்டும்’ என்று சிலர் சொல்லலாம். போகட்டும் என்று விட முடியாத இடம் சமையலறை. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால், நெருப்பு ஒரு பொருள், தண்ணீர் அதன் எதிரி என்று படித்தவர் குடத்துத் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் எண்ணெயின் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். நெருப்பு ஒரு நிகழ்ச்சி. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் கூடினால்தான் நடக்கும் என்று புரிந்தவர் அடுப்பை அணைத்து வாணலியின் மேல் தட்டை மூடுவார். காற்று நின்றால் காரியம் நின்றுவிடும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தனர். ‘தாவியது’ என்றுதான் நானும் எழுதுகிறேன். வேறு சொல் கிடைக்கவில்லை. ஆனால் தாவுவதற்கு அங்கே ஒரு பொருளும் இல்லை. எரியும் கீற்றின் வெப்பம் பக்கத்துக் கீற்றைச் சுடுகிறது, காய்ந்த ஓலை எரிவாயுக்களை விடுகிறது, அவை பற்றுகின்றன, அந்த வெப்பம் அதற்கடுத்த கீற்றைச் சுடுகிறது. காய்ந்த கீற்று வேய்ந்த கூரை முழுவதும் இதற்குத் தயாராகக் காத்திருக்கும் எரிபொருள். அடுப்பு எங்கே இருக்கலாம், அதன் மேல் என்ன கூரை இருக்கலாம், வெளியேற எத்தனை வழி வேண்டும் என்பவை அங்கிருந்துதான் கேட்க வேண்டிய கேள்விகள். பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அதன்பின்னரே இறக்கப்பட்டன.

வினாடி வினா நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘நெருப்பு எந்த நிலை?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை மேசைமேல் வைத்து, ‘இதில் திடம் எங்கெங்கே, திரவம் எங்கே, வாயு எங்கே?’ என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புக்கு இது போதாது என்றால் இன்னொன்று இருக்கிறது. காற்று வீசாத அறையில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை ஒரு கோடாக எழும். எரியும் தீக்குச்சியைத் திரியைத் தொடாமல், ஒரு விரல் உயரத்தில், அந்தப் புகைக்குள் காட்டுங்கள். சுடர் புகைவழியே இறங்கித் திரியில் வந்து அமரும். அந்த வெண்புகை திடமா, திரவமா, வாயுவா? கரும்புகையாக இல்லாமல் அது ஏன் வெண்மையாக இருக்கிறது? குளிர்ந்த கண்ணாடித் துண்டு ஒன்றை அதில் காட்டிப் பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.